முழு டிஸ்க்கையும் அழிக்கவா?

— எடுக்க மாட்டேங்கிறான் அண்ணி. ரிங் போய்க்கிட்டே இருக்கு.

— எடுப்பாரு. ஞாயித்துக்கிழமை பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் அவரே பேசுவாருன்னு வெப்சைட்ல போட்டிருக்கு. அதுல ஒரு பெருமை அவருக்கு.

— எடுப்பாராம், பேசுவாராம்! உன் புருஷனை வேலையை விட்டுத் துரத்தினவனுக்கு இன்னும் ‘ரு’ போடறியே. அவன் நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு, அவன் கம்ப்யூட்டரைத் தொடைச்செடுக்க வந்திருக்கோம். இதுல மரியாதை வேற.

— பழக்கம்டி விசிலு. ஒரு வருஷமா இதே ஆபீஸ்ல ஃபைல் அடுக்கறேன், வாயில தானா வருது. உன் குரல் அவருக்கு அடையாளம் தெரிஞ்சுடாதே?

— நாள்பூரா பஸ்ஸுல ‘உள்ள போ, உள்ள போ’ன்னு கத்தற குரலு. இன்னிக்கு ஒரு நாள் மடிச்சு வெச்சுக்கிட்டுப் பேசறேன். கண்டக்டர் வேலையில வேற என்னத்தக் கத்துக்கிட்டேன், ஆளுக்கு ஒரு குரல்தான். காவலாளிகிட்ட என்ன சொன்ன?

— ரெக்கார்டு ரூம்ல தண்ணி இறங்கியிருக்கு, ஃபைலையெல்லாம் மாத்தி வைக்கணும்னு சொன்னேன். சாவிக்கொத்தை அப்படியே கொடுத்துட்டு பேப்பர் படிக்கப் போயிட்டாரு.

— யுஎஸ்பி?

— இதோ. உங்கண்ணன் சவரப் பெட்டியில போன மாசம்தான் கண்ணுல பட்டுச்சு. மேல பிளாஸ்திரி ஒட்டி, அவர் கையெழுத்துல ‘முதல்’னு எழுதியிருக்கு பாரு.

— எங்கண்ணன் ஆறு வருஷம் கண்ணு முழிச்சு எழுதினதைப் போட, அதைத் திருடினவன்கிட்டயே வழி கேக்கணுமா? ஊர்ல வேற ஆளே இல்லையா?

— ரெண்டு கடையில கேட்டேன். இப்படி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கண்ணால பார்த்ததே இல்லைங்கறாங்க. மௌஸ் கிடையாது, படம் கிடையாது, வெறும் எழுத்து. உலகத்துல மொத்தமே நானூறு மெஷின்லதான் ஓடுதாம். போடத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர். ஒருத்தர் போயிட்டாரு. மிச்சம் இவர்தான்.

— ஷ்ஷ்... எடுத்துட்டான். ஸ்பீக்கர்ல போடறேன். நீ மூச்சு விடாதே... ஹலோ, சார்ங்களா?

— வணக்கம், சொல்லுங்கம்மா.

— உங்க சிஸ்டத்தைப் போடணும் சார். யுஎஸ்பி கையில இருக்கு. எனக்கு ஒரு எழவும் புரியல.

— பயப்படாதீங்க. சிம்பிளா சொல்றேன். இதை எழுதினவனே லைன்ல இருக்கேன், அப்புறம் என்ன கவலை? எங்கிருந்து பேசறீங்க?

— வீட்ல இருந்துதான் சார்.

— வீட்ல இருந்து. சரி. யாரோட மெஷின்?

— என் வீட்டுக்காரரோடது. என்னை விட்டுட்டு இன்னொருத்தியோட போயிட்டாரு சார். மெஷினை எடுத்துட்டுப் போக வருவாரு. வந்து ஆன் பண்ணிப் பார்க்கறப்ப உள்ள ஒரு பொட்டு எழுத்துகூட இருக்கக் கூடாது.

— அவர் எழுதினதெல்லாம் அதுலதான் இருக்கா?

— அவர் எங்க சார் எழுதினாரு? அடுத்தவங்க உழைப்பை வழிச்சு வழிச்சு நக்கினவரு. எல்லாம் அதுலதான் இருக்கு.

— நியாயமான கோபம்மா. ஆனா ஒன்னு சொல்லிடறேன், கேட்டுக்கோங்க. என் சிஸ்டம் மத்ததையெல்லாம் மாதிரி பக்கத்துல கொஞ்சம் இடம் கேட்டு ஒட்டிக்காது. உள்ள இருக்கறதை மொத்தமா வெளியேத்திட்டுதான் உட்காரும். திரும்ப வராது. நல்லா யோசிச்சுட்டீங்களா?

— ஒரு வருஷமா யோசிச்சாச்சு சார்.

— அப்ப சரி. யுஎஸ்பியைப் பின்பக்கம் சொருகுங்க. முன்னாடி இருக்கற ஓட்டை வேலை செய்யாது... பழைய மெஷின்ல எல்லாம் அப்படித்தான். ஆன் பண்ணின உடனே எஃப் பன்னெண்டைத் தட்டிக்கிட்டே இருங்க.

— தட்டறேன் சார். கொஞ்சம் இருங்க... மியூட் போட்டுட்டேன் அண்ணி. தட்டு, தட்டு! ‘என் சிஸ்டம்’ ‘என் சிஸ்டம்’ங்கறான் பாத்தியா? நாக்கு அழுகலையே அவனுக்கு.

— வந்துடுச்சுடி. லிஸ்ட் காட்டுது. யுஎஸ்பி மூணாவதா இருக்கு.

— அதைத் தட்டு. சார், லிஸ்ட் வந்துச்சு, யுஎஸ்பியைத் தட்டியாச்சு. ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு.

— கறுப்பாகணும். இப்ப பச்சை எழுத்து வரிசையா ஓடுமே?

— ஓடுது சார். எறும்பு மாதிரி ஓடுது.

— ஓடட்டும். நின்னதும் ஒரு கேள்வி கேக்கும். புதுசா போடவா, பழசைப் புதுப்பிக்கவான்னு. புதுசுக்கு ‘ஐ’.

— ஐ போட்டாச்சு. இப்ப மெஷினுக்குப் பேர் கேக்குது சார்.

— என்ன வேணா வைக்கலாம். எட்டு எழுத்துக்குள்ள, இங்கிலீஷ்ல. ஒவ்வொரு தடவை ஆன் பண்றப்பவும் அந்தப் பேரைச் சொல்லி வணக்கம் வைக்கும். அது நான் சேர்த்த அழகு.

— ஒரு நிமிஷம் சார், யோசிச்சு வைக்கறேன்... மியூட்டு. அண்ணி, இவன் சேர்த்த அழகாம்! வணக்கம் வைக்கறதை எங்கண்ணன் எனக்குப் போட்டுக் காட்டினப்ப நான் காலேஜுகூட முடிக்கல. என்ன பேர் வைக்கலாம்?

— வெச்சுட்டேன்.

— என்னன்னு?

— டி, ஹெச், ஐ, ஆர், யு, டி, ஏ, என். எண்ணிப் பாரு, சரியா எட்டு.

— திருடன்! அண்ணி, உனக்குள்ள இவ்வளவு இருக்கா? இத்தனை நாள் வாயே திறக்காம ஃபைல் அடுக்கிக்கிட்டிருந்தியே! ஐயோ, திங்கக்கிழமை காலையில சென்ட் அடிச்சுக்கிட்டு வந்து உட்காருவான், சுவிட்சைத் தட்டுவான், ‘வணக்கம் திருடன்’!

— சத்தமா சிரிக்காதே, கீழே கேட்கும். மியூட்டை எடு.

— பேர் வெச்சாச்சு சார்.

— என்ன பேரு?

— எங்க வீட்டு நாய் பேரு சார். நன்றி கெட்ட நாய்.

— நல்லது. அடுத்து எந்த டிஸ்க்னு கேக்கும்.

— ரெண்டு காட்டுது சார். பூஜ்யம்னு ஒன்னு, ஒன்னுன்னு ஒன்னு.

— ரெண்டையும் தேர்ந்தெடுங்க. ஒன்னை மட்டும் அழிச்சா பிரயோஜனம் இல்ல, ரெண்டாவது முதலாவதோட நகலா இருக்கும். நோட் பண்ணிக்கோங்க, ரெண்டும். அப்புறம் மேஜைக்குக் கீழே பாருங்க. இந்த மாதிரி ஆளுங்க வெளியே ஒரு சின்னப் பெட்டியில இன்னொரு நகல் வெச்சிருப்பாங்க. வயரைக் கழட்டிப் போட்டிருப்பாங்க.

— பார்க்கறேன் சார்... அண்ணி, இருக்கா?

— இருக்குடி. கறுப்புப் பெட்டி, காலடியில. விசிலு, மியூட் போட்டியா? மேஜைக்குக் கீழேன்னு இவருக்கு எப்படித் தெரிஞ்சுது?

— இந்தப் பொழப்புலயே ஊறினவன். எல்லா மேஜைக்குக் கீழயும் அப்படித்தான் இருக்கும்போல. வயரைச் சொருகு. சொருகிட்டியா? சார், இருந்துச்சு, சொருகியாச்சு. இப்ப மூணு காட்டுது.

— மூணையும் போடுங்க. இப்ப முக்கியமான இடம். அழிக்கறதுல ரெண்டு விதம் இருக்கும்மா. சும்மா அழிச்சா அஞ்சு நிமிஷம், ஆனா தெரிஞ்சவன் எவனாவது தோண்டி எடுத்துடலாம். பூஜ்யம் போட்டு நிரப்பி அழிச்சா முக்கால் மணி நேரம் ஆகும், ஆனா எந்தக் கொம்பனாலயும் ஒரு எழுத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. உங்க இஷ்டம்.

— முக்கால் மணி நேரம் என்ன சார், நாள்பூரா ஆனாலும் பூஜ்யம்தான்.

— நானும் அதைத்தான் சொல்வேன். ‘இசட்’ போடுங்க. கடைசியா ஒரு கேள்வி கேக்கும்.

— கேக்குது சார். ‘முழு டிஸ்க்கையும் அழிக்கவா’ன்னு. ‘யெஸ்’ஸை முழுசா டைப் பண்ணணுமாம்.

— பண்ணுங்க.

— இருங்க சார்... மியூட்டு. என்ன அண்ணி, கையை எடுத்துட்ட?

— இருடி, ஒரு நிமிஷம்.

— நான் பண்ணட்டா? நகரு.

— வேணாம். நான்தான் பண்ணணும். நான் நியாயம் கேட்டு வந்த அன்னிக்கு, சாட்சி இல்லாத குத்தச்சாட்டுன்னு இதே ரூம்ல சொன்னாரு. ‘உன் புருஷன் எழுதினான்னா எங்கே எழுதியிருக்கான், காட்டும்மா’ன்னாரு. நான் என்னத்தக் காட்டுவேன்? உங்கண்ணன் வீட்ல ஒரு காகிதம்கூட வெச்சுக்கல. எல்லாம் ஆபீஸ் மெஷின்லதான் எழுதினாரு. ஒரு நாள் காலையில வர்றாரு, பாஸ்வேர்டு செல்லாதுங்குது. செருப்பும் தண்ணி பாட்டிலும் அட்டைப்பெட்டியில கேட்டுக்கு வெளியே இருக்கு. அப்ப அவர் முகம் எப்படி இருந்துச்சோ, அந்த முகத்தை இந்த ஆளுக்கு ஒரு தடவை மாட்டிப் பார்க்கணும். அவ்வளவுதான். சாகணும்னுகூட எனக்கு ஆசை இல்ல.

— அப்ப டைப் பண்ணு.

— வொய்... ஈ... எஸ். எண்டர்.

— சார், போட்டாச்சு. ஒரு கோடு நகருது. நூத்துல ஒன்னுன்னு காட்டுது.

— பிரமாதம். இனி கையை வைக்காதீங்க. கரண்டு போகாம பார்த்துக்கோங்க. நான் லைன்லயே இருக்கேன்.

— முக்கால் மணி நேரமுமா சார்?

— நடுவுல ஏதாவது கேட்டுச்சுன்னா நீங்க தப்பா எதையாவது தட்டிடக் கூடாது பாருங்க. எனக்கு வேற வேலை இல்ல. உங்க வேலையைப் பாருங்க, கேட்டா கூப்பிடுங்க.

— ரொம்ப நல்ல மனசு சார் உங்களுக்கு... மியூட் போட்டுட்டேன். அப்பாடா! வாயெல்லாம் கசக்குது அண்ணி. அவனைப் போய் நல்ல மனசுன்னு சொல்ல வெச்சுட்டியே.

— இவர் யார்கிட்டயும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஃபோன்ல நிக்க மாட்டாரே. பொண்டாட்டி ஃபோன் பண்ணினாலே ‘மெசேஜ் போடு’ன்னு வெச்சுடுவாரு.

— பொம்பளை குரல் கேட்டா இழையறான். புருஷன் விட்டுட்டுப் போனவன்னு வேற சொல்லியிருக்கேன்ல. விடு. உட்காரு. நீயும் உட்காரு அந்த நாற்காலியில, சாய்ஞ்சு உட்காரு. தோல் நாற்காலி. எங்கண்ணன் உழைப்பு அது.

— நீ பார்த்ததில்லையே, இந்த ரூம்லதான் என்னை நிக்க வெச்சு ஃபோட்டோ எடுத்தாங்க. உங்கண்ணன் போய் பதினாறாம் நாள். ‘மறைந்த ஊழியரின் மனைவிக்கு வேலை’ன்னு பேப்பர்ல வந்துச்சு. கையில ஒரு கவரைக் கொடுத்து ‘கேமராவைப் பாரும்மா, கொஞ்சம் சிரி’ன்னாரு. நான் சிரிச்சேன்டி.

— நீ ஏன் அந்த வேலையை வாங்கினன்னு எனக்கு அன்னிக்குக் கோபம். உன்கூட ஒரு மாசம் பேசல.

— தெரியும். சொல்லியிருந்தா நீ பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கறதோட சேர்த்து ஊருக்கே சொல்லியிருப்பே. சாவி இருக்கற இடத்துல இருக்கணும்னு நினைச்சேன். அவ்வளவுதான். ரெக்கார்டு ரூம் சாவியும் இந்த ரூம் சாவியும் ஒரே கொத்துலதான் தொங்குது.

— ஆழமான ஆளு நீ. கோடு எவ்வளவு போச்சு?

— பதினெட்டு.

— எனக்கு அண்ணன் கடைசியா வேலை பார்த்த அந்த செல்போன் கடைதான் அண்ணி கண்ணுலயே நிக்குது. நான் போற ரூட்டுலதான். தினமும் பஸ்ஸு அந்தக் கடை வாசல்ல நிக்கும். ஜன்னல் வழியா பார்ப்பேன். கம்ப்யூட்டருக்கே உசிரு கொடுக்கற சிஸ்டம் எழுதினவன், செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பான். ஒரு குமிழிகூட விழாம ஒட்டுவான். ஒட்டிட்டுத் துணியால தொடைச்சு, வெளிச்சத்துல திருப்பிப் பார்ப்பான். என்னைப் பார்த்தா கையை ஆட்டுவான். அன்னிக்கு ஆட்டல. கவுன்ட்டர்மேல தலையை வெச்சுப் படுத்திருந்தான். அசந்து தூங்கறான்னு நினைச்சேன். விசிலடிச்சு வண்டியை எடுக்கச் சொல்லிட்டேன். நான்தானே எடுக்கச் சொன்னேன்!

— அதைப் பேசாதேன்னு சொல்லியிருக்கேன்ல.

— ரெண்டு ஸ்டாப் தாண்டினப்புறம் ஃபோன் வந்துச்சு. இவன் தூக்கிப் போடாம இருந்திருந்தா எங்கண்ணன் அந்தக் கவுன்ட்டர்ல எதுக்கு உட்காரப் போறான்? எதுக்கு நெஞ்சு அடைக்கப் போகுது? இந்த மூணு டப்பாவை மட்டும் அழிச்சா போதுமா? எனக்குப் போதல. இந்தக் கண்ணாடி, மேஜை, சுவத்துல மாட்டியிருக்கற பட்டம், எல்லாத்தையும் உடைக்கணும்போல இருக்கு.

— உடைச்சா புதுசு வாங்கிக்குவாரு. இது வாங்க முடியாததுடி. புதுசா ஒரு வரி எழுத அவருக்குத் தெரியாது. உங்கண்ணன் எழுதி வெச்ச குறிப்பைப் பார்த்துப் பார்த்துதான் அங்கங்க ஒட்டுப்போட்டு ஓட்டறாரு. சிஸ்டத்தைச் சோதிச்சுப் பார்க்கற டெஸ்டிங்ல இருந்தவங்க எல்லாருக்கும் தெரியும். வெளிய சொல்லத்தான் ஆள் இல்ல. அந்தக் குறிப்பு போச்சுன்னா அவர் உள்ள ஆளில்லாத வெறும் கோட்டு.

— வெறும் கோட்டு! இதுவும் நல்லா இருக்கு. அடுத்த மாசம் மேடையேத்தி மாலை போடப் போறாங்களாமே?

— போடட்டும். மாலை போட்டுக்கிட்டு, ‘கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க’ன்னு எவனாவது கேக்கட்டும்.

— ஹலோ? அம்மா, லைன்ல இருக்கீங்களா?

— இருடி, கூப்பிடறாரு... மியூட்டை எடு.

— இருக்கேன் சார், இருக்கேன்.

— எவ்வளவு போச்சு?

— அறுபத்திரண்டு சார்.

— மூணு டிஸ்க்குலயுமா?

— மூணுலயும் சார்.

— நல்லது, நல்லது. தப்பா நினைக்காதீங்க, ஒரு கேள்வி. இந்த மெஷின்ல இருந்ததை நீங்க வேற எங்கேயாவது எடுத்து வெச்சிருக்கீங்களா? பென் டிரைவ்ல, ஃபோன்ல, இல்ல யாராவது சிநேகிதர்கிட்ட?

— எதுக்கு சார் எடுத்து வைக்கப் போறோம்? அந்த ஆளு எழுத்து எங்களுக்கு எதுக்கு?

— சரிதான். சும்மா கேட்டேன்.

— சார் நீங்களும் எங்களுக்காக ரொம்ப அக்கறையா கேக்கறீங்க... மியூட்டு. இவன் எதுக்கு அண்ணி இவ்வளவு இழையறான்? எனக்கே சிரிப்பு வருது. தன் கழுத்துக்குத் தானே முடிச்சுப் போட்டுக்கிட்டு, ‘இறுக்கமா இருக்கா, இறுக்கமா இருக்கா’ன்னு கேக்கறான்.

— எனக்கு இது சரியா படலடி. நிறுத்திடலாமா?

— இப்பவா? அறுபத்திரண்டுல இறங்கறேன்னு சொன்னா வண்டி நிக்குமா? பேசாம உட்காரு. எங்கண்ணனை நினைச்சுக்கிட்டு உட்காரு.

— அவரைத்தான் நினைக்கறேன். அவர் இருந்திருந்தா இதைச் செய்ய விட்டிருக்க மாட்டாரு.

— அதனாலதான் போய்ச் சேர்ந்தான். நல்லவனா இருந்தே போயிட்டான். நம்மளாவது கெட்டவங்களா இருப்போம்.

— தொண்ணூறு.

— என் கையைப் புடிச்சுக்கோ.

— தொண்ணூத்தஞ்சு... தொண்ணூத்தெட்டு... விசிலு, முடிஞ்சுது. இப்ப யுஎஸ்பியில இருந்து ஏதோ ஏறுது. தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது.

— வணக்கம் வைக்குதா? படி, படி!

— ‘வணக்கம் திருடன்’. அதுக்குக் கீழே... விசிலு, அவர் பேருடி! இனிஷியலோட முழுப் பேரு. ‘எழுதியவர்’னு போட்டு அவர் பேரு. இன்னும் ஒரு வரி இருக்கு.

— என்ன வரி? ஏன் அழறே? நகரு, நான் படிக்கறேன்... ‘சாப்பிட வாங்க, சாப்பிட வாங்கன்னு ஆறு வருஷமாக் கூப்பிடுகிறவளுக்கு’... அண்ணி! உனக்கு எழுதியிருக்கான் அண்ணி! இந்த வரியைத்தான் இந்த நாய் எடுத்துட்டு தன் பேரைப் போட்டுக்கிட்டிருக்கு. இரு, இனி நான் மடிச்சு வெச்ச குரல்ல பேச மாட்டேன். எங்க என் ஃபோனு?

— வேணாம்டி, கட் பண்ணிட்டுப் போயிடலாம்.

— அவன் காதுல விழாம எப்படி? சார்! இருக்கீங்களா சார்?

— இருக்கேம்மா. முடிஞ்சுதா?

— முடிஞ்சுது. சுத்தமா முடிஞ்சுது. மூணு டிஸ்க்குலயும் பூஜ்யம். நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே, ஒரு எழுத்து மிச்சமில்ல. இப்ப நான் ஒன்னு கேக்கட்டா? அது யார் மெஷின்னு உங்களுக்குத் தெரியுமா?

— தெரியும்மா.

— என்ன... என்ன தெரியும்?

— என் ரூம், என் மேஜை, என் மெஷின். அந்தக் கதவு திறந்தா என் ஃபோனுக்குப் படம் வந்துடும். சாவி போட்டது உங்க அண்ணி. பின்னாடி பையை மாட்டிக்கிட்டு நீங்க. ரெண்டு பேர் முகமும் தெளிவா விழுந்திருக்கு.

— அண்ணி, கட் பண்ணு! கட் பண்ணு!

— இரு விசிலு. கையை எடு. சார், நான்தான் பேசறேன். எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு ஒவ்வொன்னா சொல்லிக் கொடுத்தீங்க?

— நீங்களாம்மா? பரவாயில்லை, ஒரு தப்பு இல்லாம டைப் பண்ணியிருக்கீங்க. டெஸ்டிங்ல கண்ணாடி போட்ட ஒருத்தன் இருந்தானே, உங்க வீட்டுக்காரரோட சிநேகிதன், அவன் உங்ககிட்டகூட சொல்லாம என் மேல கேஸ் போட்டுட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோர்ட் ஆர்டர் கைக்கு வந்துச்சு. நாளைக்குக் காலையில ஆள் வந்து அந்த மெஷினைத் தூக்கிட்டுப் போகணும், அதுவரைக்கும் நான் விரல்கூட வைக்கக் கூடாதுன்னு.

— அதுல... அதுல என்ன சார் இருந்துச்சு?

— உங்க புருஷன் ஆறு வருஷம் எழுதினதும்மா, நாள் போட்டு, பேர் போட்டு, ஒவ்வொரு வரியா. அந்த யுஎஸ்பியில யார் பேர் வந்தாலும் அது நேத்து போட்டதுன்னு சொல்லிடலாம். இதை எழுதினது நான் இல்லைங்கறதுக்கு உலகத்துல இருந்த ஒரே சாட்சி அதுதான்.